மடிப்புக் கலையாத தேக்கிலை

ஆனைப்பாறை உச்சியில் கீச்சி என்ற அணில் ஒரு தேக்கிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. திடீரென்று அடித்த காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கீழே மணலில் இறக்கிவிட்டது. வழியெல்லாம் அலறிய கீச்சி, தரையைத் தொட்டதும், "இன்னொரு தடவை!" என்றது.

அவ்வளவுதான், காடே குதிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் உயிரோடு இறங்கினால் போதும் என்றிருந்தது. பிறகு மணலில் வரைந்த வட்டத்துக்குள் இறங்கினால்தான் மார்க் என்றானது. அப்புறம் இலையை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு குதித்து, நடுவானில் குட்டிக்கரணம் போட்ட பிறகே அதை விரிக்க வேண்டும் என்றானது. மார்க் போடுவது ஆமை. அது ஒருநாளும் குதித்ததில்லை. அதனாலேயே எல்லோரிடமும் குறை கண்டுபிடித்தது.

விதிகள் இரண்டுதான். அன்றைக்குப் பறித்த பச்சை இலையைத்தான் மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். குதிக்கும் முன் இன்னொருவர் அதை விரித்துப் பார்க்க வேண்டும்.

செங்கழுத்தன் என்ற ஓணான் இதற்கும் தலையை ஆட்டியது. ஓணான் எதற்குத்தான் தலையை ஆட்டாது!

போட்டி நாள் வந்தது. செங்கழுத்தன் முதுகில் இருந்த இலையில் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பத்து நாளாகக் கல்லுக்கு அடியில் வைத்து அழுத்திய இலை!

"கொடு, விரிச்சுப் பார்க்கிறேன்," என்றது கீச்சி. கீச்சியின் இலையை எலி அப்போதுதான் விரித்துப் பார்த்து மடித்துக் கொடுத்திருந்தது.

"தொடாதே! மடிப்பு கலைஞ்சிடும்!"

"காஞ்சு போன மாதிரி இருக்கேப்பா!"

"உனக்குப் பொறாமை! நீ காத்து தள்ளிவிட்டுக் குதிச்சவ. அதெல்லாம் அந்தக் காலம். இப்போ ஸ்டைல் வேணும்!"

செங்கழுத்தன் குதித்தது. ஒரு கரணம், இரண்டு, மூன்று! கீழே ஒரே ஆரவாரம். பெருமையோடு இலையை விரித்தது. அது அப்பளம் மாதிரி நொறுங்கிப் பறந்தது. கையில் காம்பு மட்டும்தான் மிச்சம்.

"ஐயோ! கீச்சியக்கா!"

அக்கா என்று அது கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. கீச்சி பாறை உச்சியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து அதன் வாலைப் பிடித்தது. பிறகுதான் தன் இலையை விரித்தது. ஒரே இலையில் இரண்டு பேர் பாரம்! வட்டத்தைத் தாண்டி, எருமை ஊறிக்கிடந்த சேற்றில் இரண்டும் தொப்பென்று விழுந்தன.

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "மூணு கரணத்துக்கும் முழு மார்க். இலை இல்லாததால மொத்தமும் கழிச்சாச்சு!"

மறுநாள் செங்கழுத்தன் பச்சை இலையோடு வந்தது. "கொஞ்சம் விரிச்சுப் பாருங்களேன்!" என்று முயலிடம் கெஞ்சியது, எலியிடம் கெஞ்சியது, போகிற வழியில் நத்தையிடமும் கெஞ்சியது. எல்லோரும் விரித்து விரித்துப் பார்த்ததில் இலை கிழிந்தே போனது. செங்கழுத்தன் கோபப்படவில்லை. இன்னொரு இலை பறிக்கத் தேக்குமரம் ஏறியது.

எவ்வளவு பெரிய வித்தைக்காரனாக இருந்தாலும், உயிரைக் காக்கும் சின்ன விதியை அழகுக்காகக் கைவிடக் கூடாது.