கவ்வியதை விட்ட கோம்பை

குழந்தைகளே, இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. இதை எனக்குச் சொன்னது ஓர் அண்டங்காக்கை. ஈயைப் பார்த்துவிட்டு யானையைப் பார்த்தேன் என்று சொல்லும் பறவை அது. பாதியை அதுவே சேர்த்திருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் கதை என் மனத்தைவிட்டுப் போகவில்லை. கேட்டபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டின் ஓரத்தில் ஓர் ஆட்டு மந்தை இருந்தது. அதன் தலைவன் வீறாப்பு மிகுந்த ஒரு செம்மறிக் கிடா. மந்தையோடு ஒரு கழுதையும் மேய்ந்தது. அது அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓநாய் அடிக்கடி வந்து குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனது. காவலுக்கு யாருமில்லாமல் ஆடுகள் தவித்தன.

ஒரு நாள் காலையில், தாயை இழந்த நாய்க்குட்டி ஒன்று தள்ளாடியபடி வந்து சேர்ந்தது. செம்பழுப்பு உடல், கறுத்த முகம், அகன்ற தாடை.

"ஐயையோ, கோம்பை நாய்!" என்று அலறியது ஒரு தாயாடு. "இந்த இனம் கவ்வினால் விடவே விடாதாம். துரத்துங்கள்!"

"அவசரப்படாதீர்கள்" என்று புதரிலிருந்து ஒரு குரல் வந்தது. நரிதான். ஓநாய் தின்ற மிச்சத்தில் வயிறு வளர்க்கும் நரி. "தலைவரே, உங்களுக்குக் காவல் வேண்டும். காவலுக்குக் கோபம் வேண்டும். இதை ஒரு மரத்தில் கட்டிப் போடுங்கள். அரை வயிறு காயட்டும். குட்டிகளை விட்டுச் சீண்டச் சொல்லுங்கள். பிறகு பாருங்கள், எதைக் கண்டாலும் பாயும்!"

"நானும் அதைத்தான் நினைத்தேன்" என்றது கிடா. அது நினைத்திருக்கவே இல்லை.

ஆடுகள் கோம்பையைக் காட்டுக்கொடியால் வேலமரத்தில் கட்டின. குட்டிகள் எட்ட நின்று குதித்தன.

"டேய் கரிமூஞ்சி! வாடா பார்க்கலாம்! வர முடியலையா? ஐயோ பாவம்!"

கோம்பை இழுத்தது. குரைத்தது. கொடியைக் கடித்தது. நாளாக நாளாக அதன் தாடை வலுத்தது, கண் சிவந்தது. ஒரு நாள் கிட்டே வந்த கிடாவின் காதைக் கவ்விக் கிழித்துவிட்டது.

"பார்த்தீர்களா பிறவிக் குணத்தை!" என்று கிடா துள்ளியது.

கழுதை மெல்ல வந்தது. "கோபம் வேண்டும் என்றுதானே சீண்டினீர்கள்? வந்துவிட்டது. இப்போது எதற்குக் கத்துகிறீர்கள்?"

"எங்களைக் கடிக்கச் சொன்னோமா?"

"யாரைக் கடிக்கக் கூடாது என்று அதற்கு யார் சொன்னது?"

பதில் தெரியாதபோது கிடா குரலை உயர்த்தும். "அவ்வளவு அக்கறை என்றால் நீயே வைத்துக்கொள்! ஆனால் இன்னொரு முறை எங்களில் ஒருவர் மேல் அதன் பல் பட்டால், காட்டுக்குள் துரத்திவிடுவோம். ஓநாய் பார்த்துக்கொள்ளும்."

கழுதை கொடியைக் கடித்து அறுத்தது. அறுத்த கையோடு முன்னங்காலில் ஒரு கடி வாங்கியது.

கழுதை அசையவில்லை. கோம்பைக்கு வியப்பாக இருந்தது.

"ஏன், உங்களுக்கு உதைக்கத் தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். உதைத்தால் நீ என்ன கற்றுக்கொள்வாய்?"

கோம்பை யோசித்தது. "உதைக்கக் கற்றுக்கொள்வேன்."

"அதற்கு நான் ஒருவன் போதும். உனக்கு வேறொன்று சொல்லித் தருகிறேன்."

கழுதையிடம் ஒரு பழைய பனைநார்க் கயிறு இருந்தது. அதை வாயில் பிடித்து ஆட்டியது. கோம்பை பாய்ந்து மறுமுனையைக் கவ்வியது. இரண்டும் இழுத்தன. கோம்பைக்குக் குஷி தாங்கவில்லை. திடீரென்று கழுதை தன் முனையைக் குளம்பால் மிதித்துக்கொண்டு அசையாமல் நின்றது.

"விடு."

கோம்பை விடவில்லை. உறுமியது, உதறியது. கழுதை மரம்போல நின்றது. அசையாத கயிற்றை எவ்வளவு நேரம்தான் இழுப்பது? அலுத்துப்போய்க் கோம்பை வாயைத் திறந்தது. அந்த நொடியே கழுதை கயிற்றைத் தூக்கி மறுபடி ஆட்டியது.

"அட! விட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்றல்லவா நினைத்தேன்!"

"விட்டால்தான் மறுபடி தொடங்கும்" என்றது கழுதை.

தினமும் இதே வேலை. மழையில் கயிறு, வெயிலில் கயிறு, பசித்திருக்கும்போதும் கயிறு. "விடு" என்ற சொல்லைக் கழுதை ஒருபோதும் கத்திச் சொன்னதில்லை. ஒருபோதும் தண்டித்ததும் இல்லை. கோம்பை பலமுறை தவறியது. கழுதையின் கால்களில் தழும்புகள் கூடின.

பிறகு குட்டிகளுக்கு நடுவே நடக்கப் பழக்கியது. வாலை இழுப்பதில் கெட்டிக்காரியான ஒரு வெள்ளாட்டுக் குட்டி கோம்பையின் வாலையும் இழுத்தது. கோம்பை சட்டென்று திரும்பிக் கழுதையைப் பார்த்தது.

"இரு" என்றது கழுதை.

கோம்பை உட்கார்ந்துவிட்டது. குட்டிக்கு ஏமாற்றம். "சே, கடிக்க மாட்டேன் என்கிறதே!" என்று சொல்லிவிட்டு அதன் வயிற்றில் சாய்ந்து தூங்கிப்போனது. கோம்பை, குட்டி விழிக்கும்வரை கால் மாற்றிக்கூடப் படுக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்த நரிக்குப் பயம் பிடித்தது. அது ஓநாயிடம் ஓடியது.

"அண்ணே, நாளை மாலை மந்தைக்குள் பாயுங்கள். கோம்பை உங்கள் மேல் விழும். அந்தப் புழுதியில் நான் ஒரு குட்டியை அதன் வாயில் தள்ளிவிடுகிறேன். அது கவ்வினால் விடாது. அப்புறம் ஆடுகளே அதைத் துரத்திவிடும்."

"எல்லாம் சரி. 'உங்கள் மேல் விழும்' என்றாயே, அந்த இடம்தான் இடிக்கிறது."

"கொஞ்சம் வலிக்கும் அண்ணே. அதற்கப்புறம் தினமும் விருந்து!"

மறுநாள் மாலை ஓநாய் பாய்ந்தது. ஆடுகள் கதறின. கோம்பை வந்த வேகத்தை என்ன சொல்ல! செந்தீ ஒன்று தரையோடு தரையாக ஓடி வந்ததுபோல இருந்ததாம். தன்னைவிடப் பெரிய ஓநாயின் தோளைக் கவ்வி உலுக்கியது. சதை பிய்ந்தது. ஓநாய் உதறிக்கொண்டு விலகியது. கோம்பை மீண்டும் பாய்ந்தது. அந்த நொடியில் நரி, வெள்ளாட்டுக் குட்டியை நடுவில் முட்டித் தள்ளியது.

கோம்பையின் தாடை குட்டியின் கழுத்தில் மூடிக்கொண்டது.

"பாருங்கள்! கோம்பை குட்டியைக் கொல்கிறது!" என்று நரி கூவியது.

மந்தை சிதறி ஓடியது. எல்லோருக்கும் முன்னால் கிடா ஓடியது.

கழுதை மட்டும் ஓடவில்லை. புழுதிக்குள் நடந்து வந்து, கோம்பைக்கு எதிரே நின்றது. ஓநாயின் இரத்தம் கோம்பையின் வாயில் இன்னும் சூடாக இருந்தது. கண்கள் யாரையும் அடையாளம் காணவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் குட்டி இல்லை.

"விடு" என்றது கழுதை. கயிற்றுக்குச் சொல்லும் அதே குரலில்.

கோம்பையின் தாடை நடுங்கியது. பிறகு திறந்தது.

குட்டி கீழே விழுந்து, எழுந்து, தும்மியது. கழுத்தில் பல் தடம் இருந்தது. காயம் இல்லை.

"நரி மாமாதான் என்னைத் தள்ளினார்!" என்று அது அழுதது.

கோம்பை கழுதையைப் பார்த்தது. கழுதை தலையை ஆட்டியது. அவ்வளவுதான்! நரி முன்னால், நொண்டியபடி ஓநாய் பின்னால், இரண்டையும் கோம்பை காட்டின் மறுகோடிவரை விரட்டியது. அவை திரும்பி வரவே இல்லை.

மூச்சு வாங்கத் திரும்பிய கோம்பையைச் சுற்றி ஆடுகள் கூடின. தாயாடு அதன் முகத்து இரத்தத்தை நக்கித் துடைத்தது.

கிடா தொண்டையைச் செருமியது. "இது எங்கள் நாய்!"

"நேற்றுவரை யாருடைய நாயாம்?" என்று கேட்டது கழுதை.

இவ்வளவுதான் காக்கை சொன்னது. வெறியில் மூடிய வாய் ஒரு சொல்லுக்குத் திறக்குமா என்று நெடுநாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். யோசிக்க யோசிக்க, கோம்பையின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. அத்தனை நாள் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விட்ட வாய், திறக்கத்தான் செய்யும். ஆனால் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. காக்கையைத் தேடிப் போனேன்.

"நாய் விட்டதை நம்புகிறேன்" என்றேன்.

"அப்பாடா! இப்போதாவது நம்பினாயே" என்றது காக்கை.

"ஒன்றை மட்டும் சொல். அத்தனை கடி வாங்கியும் உதைக்காமல், எல்லோரும் ஓடும்போதும் ஓடாமல் நின்றதே, அந்தக் கழுதையைப் பழக்கியது யார்?"

நீதி: பல் பிறப்போடு வருவது; கவ்வியதை விடும் குணம், பொறுமையாகப் பழக்குபவரால் வருவது.