ஒற்றைக் காலில் நின்ற மகாராசா

ஒரு காலத்தில் கொன்றைநாடு என்றொரு நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவன் பட்டம் சேர்த்துவந்தான். அதற்கென்றே கும்பலிங்கம் என்றொரு பிரதானி இருந்தான். வருஷத்துக்கு மூன்று நான்கு பட்டம் தயாரித்து ராஜாவின் காதில் ஊதுவான். ஓர் ஏரிகூட ஒழுங்காக இல்லாத நாட்டில் ராஜாவுக்கு ‘ஏழு கடலுக்கும் எசமானர்’ என்று பட்டம். கூண்டுப் புலியை ஒருமுறை பார்த்ததற்கு ‘புலிமுன் கொட்டாவி விட்ட புயவலியார்’.

இந்தப் பட்டங்களையெல்லாம் சபை வாசலில் நின்று உரக்கக் கூறுகிற கட்டியங்காரன் மருதையன். கையில் வெள்ளிப்பூண் தடி, வயிற்றில் பழங்கஞ்சி. அவன் வேலைக்குச் சேர்ந்தபோது ராஜாவுக்கு ஏழு பட்டம். பதினோரு வருஷத்தில் அது நாற்பத்திரண்டு ஆயிற்று. கூலி மட்டும் அன்றைக்கு எது உண்டோ அதேதான்.

ஒவ்வொரு தை மாதமும் கூலியை ஏற்றித் தரச்சொல்லிக் கேட்பான். “அடுத்த தைக்குப் பார்க்கலாம்” என்பான் பிரதானி. மருதையன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வான். ‘நாட்டுக்கு என்ன கஷ்டமோ. நமக்காவது வேலை இருக்கிறதே.’ வாசல் வருவதற்குள் சமாதானம் தீர்ந்துவிடும். போன தையில் கூலியை ஏற்றுவதற்குப் பதிலாக ஒரு சால்வையும் ‘நாவன்மைத் திலகம்’ என்ற பட்டமும் கொடுத்து அனுப்பினார்கள். பெண்டாட்டி பிச்சாயி சால்வையை விரித்துப் பார்த்தாள்.

“திலகத்த உலையில போட்டா வேகுமாய்யா?”

இந்தத் தையில் மருதையன் பிரதானியிடம் போகவில்லை. நடுச்சபையில் ராஜாவிடமே கேட்டுவிட்டான்.

“மகாராசா, வேலை ஆறு மடங்கு ஏறிடுச்சு. கூலி ஒரு பிடிகூட ஏறலே.”

கும்பலிங்கம் துள்ளி எழுந்தான். “வாய் ஒன்று, வாசல் ஒன்று, மகாராசா ஒருவர். இதில் எங்கே ஏறிற்று வேலை? காக்கைகூடத்தான் காலையில் கத்துகிறது. கூலியா கேட்கிறது?”

சபை சிரித்தது. எல்லோரையும்விட ராஜா அதிகமாகச் சிரித்தான்.

“மருதையா, உன் வேலை கூடிவிட்டது என்று நாளைக் காலை நானே உணரவேண்டும். உணர்ந்தால் கூலி. இல்லாவிட்டால் தடியை வைத்துவிட்டு நடையைக் கட்டு. பிரதானியின் மச்சான் வீட்டில் சும்மாதான் இருக்கிறானாம்.”

மறுநாள் காலை. அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியம் தொடங்கியதும் ராஜா வாசற்படிக்கு மேல் வலது காலைத் தூக்கவேண்டும். கடைசிப் ‘பராக்’ கேட்ட பிறகே உள்ளே ஊன்றவேண்டும். முந்தி ஊன்றினால் ஆட்சிக்கு ஆகாது. ஏழு பட்டம் இருந்த காலத்தில் அது பெரிய காரியமில்லை. நாற்பத்திரண்டு ஆன பிறகும் ராஜாவுக்குக் கால் வலித்ததில்லை. ஏன்? மருதையன் அத்தனையையும் ஒரே மூச்சில் கோத்து, ஏழுக்கான நேரத்தில் முடித்துவிடுவான். யாரும் சொல்லிக்கொடுத்த வித்தை அல்ல, அவனே பழகியது. நெஞ்சு எரிய எரியப் பழகியது. அதனாலேயே யார் கண்ணிலும் படவில்லை.

ராஜா காலைத் தூக்கினான். மருதையன் தடியை மூன்று தட்டுத் தட்டினான்.

“கொன்றைநாட்டுக் கொற்றவர்... பராக்!”

நிதானமாக மூச்சு வாங்கினான். மறுபடி மூன்று தட்டு.

“எதிரியின் கனவில் இடியானவர்... பராக்!”

பத்தாவது பட்டத்தில் ராஜாவின் முழங்கால் ஆடிற்று. பதினைந்தில் கிரீடம் காதுக்கு வந்தது. இருபதில் ராஜா பிரதானியின் தோளைப் பிடித்துத் தொங்கினான்.

“டேய், சீக்கிரம் சொல்லுடா!”

“சீக்கிரமாச் சொல்றது என் சொந்தச் சரக்கு மகாராசா. வாங்குற கூலிக்கு உண்டானது இதுதான்.”

“சிலதை விட்டுத் தொலையேன்!”

“எதை விடட்டும்? ஏழு கடலையா?”

“அது இருக்கட்டும்!”

“அடுத்து வர்ற கொட்டாவியையா?”

“அதுவும் இருக்கட்டும்டா!”

சபையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். மருதையன் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே போனான். முப்பத்தொன்றாவது பட்டம், ‘கேளாமல் கொடுக்கும் கற்பகம்’. “கேளாமல்...” என்று எடுத்தவன் நிறுத்திவிட்டான்.

“ஏன் நின்றுவிட்டாய்?” என்று ராஜா அலறினான்.

“வாய் வரலே மகாராசா. பதினோரு வருஷம் கேட்டுக் கேட்டு ஓய்ஞ்ச வாய் இது. கட்டியத்துல பொய் சொன்னா ஆட்சிக்கு ஆகாதேன்னு பயமா இருக்கு.”

கும்பலிங்கம் ராஜாவின் பாரத்தில் நெளிந்தபடியே யோசனை சொன்னான். “பிரபு, அந்த ஒரு பட்டத்தை எடுத்துவிடுவோம். கூலி கொடுப்பதைவிட அது சிக்கனம்.”

“என்னைக் கஞ்சன் என்று சபையிலேயே பறையடிக்கிறாயா? குனி!” குனிந்த பிரதானியின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான் ராஜா. “மருதையா, உணர்ந்துவிட்டேன்! தொடைவரை உணர்ந்துவிட்டேன்! கொடுத்தேன் போ!”

“எவ்வளவுன்னு ஓலையில வந்தா நல்லது மகாராசா. வாயால கொடுத்தது வீட்டுல நிறைய இருக்கு.”

“நீயே சொல்லித் தொலை!”

“பட்டத்துக்கு ஒரு மரக்கால் நெல்லு. பட்டம் ஏறினா நெல்லும் ஏறணும்.”

அந்த முதுகின்மேலேயே ஓலையை வைத்து எழுதினார்கள். முத்திரை விழுந்ததும் மருதையன் மீதிப் பட்டங்களை ஒரே மூச்சில் கொட்டி “பராக்!” என்றான். ராஜாவின் கால் தரையில் இறங்கியது. கொஞ்ச நேரம் அதைத் தடவிவிட்டுக்கொண்டு இருந்தவன், பிரதானியைப் பார்த்தான்.

“இவன் வேலை காக்கை வேலை என்றாயே. இனி தினமும் நான் வருமுன் ஒத்திகை நடக்கட்டும். காலைத் தூக்கி நிற்பது நீ.”

ஒத்திகையில் மருதையன் ஒரு பட்டத்தையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மாதம் நொண்டியபடி ஒத்திகை பார்த்தான் கும்பலிங்கம். மாதக் கடைசியில், பழக்க தோஷம், புதுப் பட்டத்தோடு சபைக்கு வந்தான்.

“பிரபு, தங்களுக்கு ஒன்று யோசித்திருக்கிறேன். ‘ஊழியர் உள்ளம்...’”

பாதியில் உறைத்தது. ஒரு பட்டம் ஏறினால் நெல்லும் ஏறும், ஒத்திகையில் தான் நிற்கிற நேரமும் ஏறும். கை தானாகத் தொடையைத் தடவிற்று. ராஜாவோ ஆவலாக முன்னால் சாய்ந்தான். “உம், சொல்லு, சொல்லு!”

வாசலில் மருதையன் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

“சொல்லுங்க பிரதானியாரே, நிதானமாவே சொல்லுங்க. இப்ப எனக்கு ஒரு அவசரமும் இல்லை.”