சாவிக்காரன் வீட்டு முதல் மழை

ஒரு ஊரு, அதுக்குப் பேரு ஏழுமடையூரு, அங்க சிட்டாயின்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் வையாபுரி, அவங்களுக்கு பவளம்னு ஒரே பொண்ணு. அந்த ஊருக்கு நடுவுல பெரிய களஞ்சியம் ஒண்ணு இருந்துச்சு. எவ்வளவு பெருசுன்னா, உள்ள நின்னு கூப்பிட்டா உங்க குரலே திரும்பி வந்து நீ யாருன்னு கேக்கும், அவ்வளவு பெருசு. வரிசையா தேக்குத் தூணு, தூணு மேல உத்தரம், உத்தரத்து மேல செங்கலும் சுண்ணாம்புமா தளம். அதுக்குள்ளதான் ஊருக்கே விதைநெல்லு இருக்கும்.

அதைக் கட்டுனது ஒரு ராஜா. ஏன் கட்டுனான்னா, ஒரு பஞ்சத்துல சனங்க பசி தாங்காம விதைநெல்லையும் குத்தித் தின்னுட்டாங்க, அப்புறம் மழை பெஞ்சு, விதைக்க ஒரு மணி இல்லாம ஈர வயலைப் பார்த்து அழுதாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் ராஜா இதைக் கட்டிக் குடுத்தான். குடுத்தவன் காவல் போடல. காவக்காரன் தூங்கிருவான்னு சொல்லி வேற ஒரு முறை வச்சான். வருஷத்துக்கு ஒரு வீடு சாவி வாங்கணும். சாவி வாங்குன வீடு தளத்தைப் பார்க்கணும், தூணைப் பார்க்கணும், கரையான் ஏறாம பார்க்கணும். கோடை கழிஞ்சு முதல் பெருமழை எப்ப இறங்குதோ, அப்ப அந்த வீட்டுக்காரங்க எல்லாரும் உள்ள போய் உக்காரணும், மழை விட்ட பிறகுதான் ஊரு உள்ள வந்து விதைநெல் வாங்கும். தன் பிள்ளை தலைக்கு மேல இருக்கிற தளத்தை எவனாச்சும் கவனிக்காம விடுவானா? ராஜா கெட்டிக்காரன்தான். ஆனா வையாபுரி மாதிரி ஒருத்தனை அவன் பார்த்ததில்ல.

இன்னொண்ணும் ராஜா சொல்லி வச்சிருந்தான், அதையும் கேட்டுக்கங்க. களஞ்சியத்துக்குக் கேடு செஞ்சவன் தானா வாயைத் திறந்து சொன்னா ஊருல இருக்கலாம். அடுத்தவங்க சொல்லித் தெரிஞ்சா பெண்டு பிள்ளையோட ஊரை விட்டே போகணும்.

அந்த வருஷம் சாவி வையாபுரி கைக்கு வந்துச்சு. அப்பத்தான் அவன் புதுசா வீடு கட்டிக்கிட்டிருந்தான். ஊரெல்லாம் அறுப்புக்குப் போயிருந்த நேரமா பார்த்து, வெளியூர் வண்டியைக் கொண்டாந்து, நெல்லுக் குவியலுக்குப் பின்னால இருட்டுல நின்ன ஒரு தூணை உருவிட்டான். உருவுன இடத்துல உளுத்துப்போன பனந்துண்டை நட்டு, சுண்ணாம்பு பூசி, காவி அடிச்சு விட்டான்.

சிட்டாயி பார்த்துட்டுக் கேட்டா, “ஏங்க, இது களஞ்சியத்துத் தூணுல்ல?”

“அம்மாம் பெரிய கட்டடத்துக்கு இது ஒரு குறையா? வாசலுக்கு ஒரு தூணு வேணும்ல.”

அப்புறம் கொஞ்ச நாள் கழிச்சு அதே மாதிரி பனந்துண்டை நட்டுட்டு இன்னொரு தூணு வந்து இறங்குச்சு. “ஏங்க, இன்னொண்ணுமா?”

“அம்மாம் பெரிய கட்டடத்துக்கு இது ஒரு குறையா? வாசல்ல ஒத்தைத் தூணு நின்னா பார்க்க நல்லாவா இருக்கு?”

அப்புறம் மூணாவதும் வந்துச்சு, கூடத்து நடுவுல மாடியைத் தாங்க. இப்ப சிட்டாயி வழியை மறிச்சுக்கிட்டா. “ஏங்க, மழையில நாமதானே உள்ள உக்காரணும், நம்ம பிள்ளை உக்காருமே”ன்னா. அதுக்கு அவன், “வாயை மூடிக்கிட்டு இரு. நீ வெளிய சொன்னா ஊரை விட்டுப் போறது நான் மட்டுமில்ல, நீயும் உன் மகளும்தான்”னான். சொல்லிட்டு தூணுல செதுக்கியிருந்த பூவையெல்லாம் இழைச்சுத் தள்ளிட்டான், யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதுல்ல.

அவன் இல்லாத நேரம் சாவியை எடுத்துக்கிட்டுப் போய், தூணு உருவுன இடத்தைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து சிட்டாயிக்குச் சோறு இறங்கல. வானத்துல ஒரு மேகம் வந்தாலும் ஓடிப்போய்ப் பார்ப்பா. ஊரே மழை மழைன்னு ஏங்குது, இவ ஒருத்தி மட்டும் வேண்டாம் சாமின்னு கும்பிடுறா. எவ்வளவு நாளைக்குக் கும்பிட முடியும்?

ஒரு நாள் காலையில கிழக்க கருகருன்னு மேகம் ஏறுச்சு. தமுக்கு அடிச்சுட்டாங்க. ஊர்த்தலைவர் நல்லாண்டியும் சனமும் வையாபுரி வாசல்ல வந்து நின்னாங்க. வையாபுரி என்ன செஞ்சான் தெரியுமா? கட்டில்ல படுத்து, கம்பளியைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, முனக ஆரம்பிச்சுட்டான்.

“எனக்குக் காய்ச்சல் புள்ள, எழுந்திரிக்க முடியல. நீ பவளத்தைக் கூட்டிக்கிட்டு உள்ள போ. ஒண்ணும் ஆகாது.”

சிட்டாயி அவன் முகத்தைப் பார்த்தா. அவன் நெத்தியில கை வச்சுப் பார்க்கக்கூட இல்ல. பொண்டாட்டியையும் பெத்த பிள்ளையையும் அந்தத் தளத்துக்கு அடியில அனுப்பிட்டு இவன் கம்பளிக்குள்ள கிடக்கப் போறான்னு தெரிஞ்சதும், அவளுக்குள்ள என்னமோ அறுந்துபோச்சு. அழுகை வரல அவளுக்கு, கோவந்தான் வந்துச்சு. அவனைக் காட்டிக் குடுத்தா பிள்ளையோட ஊரை விட்டுப் போகணும், குடுக்காட்டி பிள்ளையே போயிரும். அவனா வாயைத் திறந்தாத்தான் வழி. வெளிய வந்தா, தலைவரைக் கும்பிட்டா.

“ஐயா, அவருக்குக் காய்ச்சல். ஆனா சாவி வாங்குனவரு உள்ள இல்லாம முறை கெட்டுப்போச்சுன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது. நாலு ஆளு வந்து கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்துருங்க.”

“நல்ல பொம்பளை”ன்னு தலைவர் மெச்சுனார். வையாபுரி வேண்டாம் வேண்டாம்னு முனகுறான், காய்ச்சல்ல பிதற்றுறான்னு சொல்லித் தூக்கிட்டாங்க. சிரிக்காதீங்க, அப்புறந்தான் இருக்கு.

சிட்டாயி குவியலுக்குப் பின்னால கூட்டிட்டுப் போய், பனந்துண்டு நின்ன இடத்துக்குப் பக்கத்துலயே கட்டிலை வைக்கச் சொன்னா. “காத்து படாத இடம்யா, காய்ச்சல்காரருக்கு நல்லது”ன்னா. தூக்கிட்டு வந்தவங்க வெளிய போய்க் கதவைச் சாத்திட்டு, ஊரோட சேர்ந்து வாசல்ல காத்து நின்னாங்க. அப்பன் கால்மாட்டுல பவளத்தை உக்கார வச்சு, தானும் பக்கத்துல உக்காந்துட்டா. மழை இறங்கிருச்சு.

பெய்யுது, பெய்யுது, அப்படிப் பெய்யுது. தளம் ஊறி ஊறிப் பாரம் ஏறுது. மேல கிர்ர்னு ஒரு சத்தம். களஞ்சியத்துல எலிக்குன்னு ஒரு பூனை உண்டு, அது குட்டி போட்டிருந்துச்சு. சத்தம் கேட்டதும் அது ஒரு குட்டியைக் கவ்விக்கிட்டு சன்னல் வழியா மழையில இறங்கிருச்சு.

“ஏங்க, மழைன்னா பூனைக்கு ஆகாது. அது ஏங்க பிள்ளையைத் தூக்கிட்டுப் போகுது?”

வையாபுரி கண்ணை மூடிக்கிட்டான்.

அப்புறம் இன்னொரு கிர்ர். சுண்ணாம்பு பொடிப்பொடியா கம்பளி மேல கொட்டுச்சு. பூனை நனைஞ்சு வந்து ரெண்டாவது குட்டியைக் கவ்விக்கிட்டுப் போச்சு.

“ஏங்க, அது ரெண்டாவதையும் கொண்டுபோகுது.”

அவன் உதட்டைக் கடிச்சுக்கிட்டான். நெசமாவே காய்ச்சல் வந்த மாதிரி வேர்த்து ஊத்துது. கையெட்டுற தூரத்துல பனந்துண்டு மேல பூசுன பூச்சு மேலயிருந்து கீழ வரைக்கும் வெடிச்சு நிக்குது. பவளம், “அப்பா, குளுருதுப்பா”ன்னு கம்பளிக்குள்ள புகுந்து அவன் நெஞ்சு மேல தலையை வச்சுக்கிச்சு.

சிட்டாயி பவளத்தோட கையைப் பிடிச்சுக்கிட்டா. இன்னும் ஒரு சத்தம் வந்தா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடிருவோம், முறையாவது ஊராவதுன்னு நினைச்சுட்டா. அப்பத்தான் பூனை மூணாவது குட்டிக்கு வந்துச்சு. அது கவ்வுறதுக்குள்ள மேல உத்தரம் மடார்னு ஒரு சாண் இறங்குச்சு.

வையாபுரி பிள்ளையை அள்ளிக்கிட்டு கட்டிலை விட்டுத் தாவிட்டான். சிட்டாயி பின்னாலயே ஓடி வந்தா, பூனையும் மூணாவதைக் கவ்விக்கிட்டுப் பாஞ்சுருச்சு. வையாபுரி கதவை உதைச்சுத் திறந்து, கொட்டுற மழையில ஊருக்கு முன்னால விழுந்து, “நான்தான் தூணை உருவுனேன், நான்தான், என் வீட்டுல நிக்குது, நான்தான்”னு கத்துனான். காய்ச்சல் எங்க போச்சோ தெரியல.

அவனைத் திட்டக்கூட யாருக்கும் நேரமில்ல. விதைநெல்லு உள்ள கிடக்கு. வண்டியைக் கவுத்து நுகத்தடியும் ஏர்க்காலுமா கொண்டுபோய் உத்தரத்துக்கு முட்டுக் குடுத்தாங்க. அது எவ்வளவு நேரம் தாங்கும்? அந்த உயரத்துக்கு மரம் ஊருல வேற எங்கயும் இல்ல, வையாபுரி வீட்டுலதான் இருக்கு. தலைவர் அவனைப் பார்த்தார். அவனே கடப்பாரையை எடுத்துக்கிட்டு முன்னால ஓடுனான். முதல் தூணை உருவுனான், வாசல் சரிஞ்சுச்சு. ரெண்டாவதை உருவுனான், முகப்பு விழுந்துச்சு. மூணாவதை உருவுனான், மாடியும் கூடமும் ஒண்ணா உக்காந்துருச்சு. எல்லாத்தையும் தோள்ல சுமந்துக்கிட்டுப் போய் அதது இருந்த இடத்துல நிறுத்துனாங்க. மழை விட்டுச்சு, வெயில் அடிச்சுச்சு, ஊரு விதைநெல் வாங்கிருச்சு.

“நீயா சொன்னதால ஊருல இருக்கலாம். வீடு போனதே உனக்குத் தண்டனை”ன்னு தலைவர் சொல்லிட்டார். சாவியைச் சிட்டாயி கையில குடுத்தார்.

அவ வாங்கி இடுப்புல செருகிக்கிட்டு, மகளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்கு நடந்தா. வையாபுரி பின்னாலயே வந்தான். “நீங்க எங்க வர்றீங்க?”ன்னா. “ஊரே மன்னிச்சிருச்சே”ன்னான். “ஊருக்கு நீங்க எடுத்தது தூணுங்க. அதைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. எங்க ரெண்டு பேரை மட்டும் உள்ள போகச் சொன்னீங்களே, அதை எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?”ன்னு கேட்டுட்டு நடந்துட்டா. அவன் மாட்டுக்கொட்டகையில போய்ப் படுத்துக்கிட்டான். அப்புறம் அவ அவனைச் சேர்த்துக்கிட்டாளான்னு கேக்குறீங்களா? அது அவ இஷ்டம், எனக்கென்ன தெரியும்.

பொதுவுல இருக்கிறதுல கை வைக்கிறவன் எவன் தலைக்கு மேலயோ கை வைக்கிறோம்னு நினைச்சுக்கிறான், அவன் பிள்ளையும் அதுக்கு அடியிலதான் உக்காந்திருக்கு, அதைத் தெரிஞ்சுக்கங்க. தளமும் நின்னுச்சு, மழையும் நின்னுச்சு, என் கதையும் நின்னுச்சு. திரும்பிப் படுங்க.