இரைச்சல் இல்லாத வீணை

திருச்சி பாலக்கரையில் ரோசலின் என்றொரு பாட்டு டீச்சர் இருந்தார். இசைத்தட்டு கேட்கப் பழக விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் கூடுவார்கள். அவர்களில் தணிகாசலமும் ஒருவர். மின்வாரியத்தில் எழுத்தர், டீச்சரைவிட வயதில் மூத்தவர்.

கையில் அதிகம் காசில்லாதவன் எப்படித் தொடங்குவது என்று அவர் முதல் நாளே கேட்டார்.

"பழைய பிளேயர் போதும்ண்ணே. ஊசி மட்டும் புதுசா வாங்குங்க. ஒரு தட்டு இருந்தாலும் போதும், வீட்ல இருக்கவங்களோட உட்கார்ந்து கேளுங்க," என்றார் டீச்சர்.

தணிகாசலம் பழைய சாமான் கடையில் ஒரு பிளேயர் வாங்கினார். ஊசி மாற்றினார். அவர் மனைவி மரகதம் கடையில் குனிந்து தேடி ஒரு வீணைத் தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மரகதத்துக்குக் காது மங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், நிறுத்த வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு குறையும் இல்லாமல் அந்த வீணையை அவள் கேட்டுவிட வேண்டும் என்று தணிகாசலம் நினைத்தார்.

தட்டைப் போட்டதும் வீணைக்குப் பின்னால் ஓர் இரைச்சல் வந்தது. உடனே நிறுத்தினார். வயரை மாற்றினார். பிறகு ஸ்பீக்கர் சரியில்லை என்று தோன்றியது. ஆபீசுக்கு நடந்தே போய், பஸ் காசை மிச்சம் பிடித்து வேறு ஸ்பீக்கர் வாங்கினார். அதன்பின் மேஜை அதிர்வதாகப் பட்டது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் மரகதம் வந்து நாற்காலியில் உட்காருவாள். போடுங்களேன் என்பாள்.

"கொஞ்சம் பொறு. இன்னும் சரியா வரலை."

சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து போவாள்.

ரோசலின் ஒருமுறை, மரகதம் கேட்டாங்களா என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்றார் தணிகாசலம். இன்றைக்கே போடச் சொன்னார் டீச்சர். மேஜைக்கடியில் ரப்பர் வைத்துவிட்டால் முடிந்தது என்று இவர் சொன்னார்.

மழைக்காலம் முடியும்போது எல்லாம் சரியாக வந்தது. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊசியை இறக்கினார். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து வாசிப்பதுபோல வீணை எழுந்தது. துளி இரைச்சல் இல்லை.

மரகதம் சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்:

"எப்பங்க போடுவீங்க?"

அந்த ஞாயிறு தணிகாசலம் எல்லோருக்கும் பின்னால் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"அவ நல்லா கேட்கட்டும்னுதானே டீச்சர் பொறுக்கச் சொன்னேன். இப்ப எவ்வளவு சத்தமா வச்சாலும் அவ காதுல விழலை."

ரோசலின் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அத்தனை சாயங்காலமும் அவங்க கேட்டாங்களே அண்ணே. உங்க காதுலதான் விழலை."