ஆவுடைநாயகத்தின் உள்ளங்கை

ஆற்றங்கரை மடத்தில் வருகிற திங்கட்கிழமை ஆவுடைநாயகத்துக்குத் தீட்சை. அறுபது வயது வரை ஜவுளிக்கடை நடத்தியவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, காவி வாங்கியே தீருவது என்று மடத்தில் காத்துக் கிடந்தார்.

வந்த நாளிலேயே உடம்பைத் துறந்துவிட்டார். எண்ணெய் கிடையாது, சோப்பு கிடையாது, கண்ணாடி கிடையாது. மடத்துப் பாத்திரம் அத்தனையையும் சாம்பலும் சோடாவும் போட்டுத் தானே தேய்ப்பார். கழுவிய கையைத் துடைக்கமாட்டார். உச்சி வெயிலிலும் தலையில் துண்டு போடமாட்டார். கை காய்ந்த வயல் மாதிரி வெடித்து, நகம் தடித்து, மூக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது. துறந்ததை ஊருக்குச் சொல்லும் ஆசையை மட்டும் பாவம், அவரால் துறக்க முடியவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை விடியலில் அடுப்படிக்கு விறகு கொண்டுபோனவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை, அவரைவிட வயதில் இளையவர், முகத்தில் பாசிப்பயறு மாவைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கழுவினார். மெல்லிய துணியால், தேய்க்காமல், ஒற்றி எடுத்தார். ஈரம் காய்வதற்குள் தேங்காயெண்ணெயைத் தொட்டு முகத்தில் லேசாகத் தடவி, பிறகு கையில் விரல் விரலாக நகக்கண் வரை தேய்த்தார். நகத்தை வெட்டி, முனையை ராவினார். போதாக்குறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி வேறு.

நாயகத்துக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. கையிலிருந்த விறகு சரிந்தது கூடத் தெரியவில்லை. கல்யாணப் பெண்கூட இவ்வளவு செய்யமாட்டாளே என்று மனசு பதறியது.

"அம்மா, என்ன இது?"

"பாத்தா தெரியலையா ஐயா?"

"தினமும் உண்டா?"

"ஒரு நாளும் விட்டதில்ல."

"உடம்பு பொய்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"அப்போ பொய்க்கு எதுக்கு எண்ணெய்?"

அம்மை வெந்நீர்ப் பானையை இறக்கி அவர் முன்னால் வைத்தார். "பரமசிவத்தை இன்னிக்கு நீங்க துடைச்சு விடுங்க."

பரமசிவம் மடத்தின் பழைய சமையல்காரர். பக்கவாதம் வந்து, பேச்சும் போய், பின்கட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நாயகம் முதன்முதலில் மடத்து வாசலில் பசியோடு வந்து நின்றபோது இலை போட்டுச் சோறு வைத்தவர் அவர்தான். அம்மைதான் தினமும் அவருக்கு உடம்பு துடைத்து விடுவார்.

இது தீட்சைக்கு முன் வைக்கிற சோதனை என்று நாயகம் நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் சந்தோஷம். பரமசிவத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறுகையால் துணியைப் பிடித்து நன்றாக அழுத்தித் துடைத்தார். படுத்துப் படுத்து அந்தத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்துபோயிருந்ததை அவர் கை அறியவில்லை.

பரமசிவத்தின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. படுக்கையில் விழுந்ததிலிருந்து அவரிடமிருந்து யாரும் கேட்டிராத சத்தம்.

துணி சிவந்திருந்தது. உள்ளங்கை வெடிப்பு உரசிய இடமெல்லாம் கோடு கோடாகக் கீறல். நகம் பட்ட இடத்தில் தோல் சுருண்டு நிற்க, அங்கிருந்து ரத்தம் இடுப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, பரமசிவம்" என்று நாயகம் மறுபடி கையை வைத்தார். விரல் நுனி பட்டதுமே அந்த முதுகு வெடவெடவென்று நடுங்கியது. நகர முடியாத மனுஷன், அந்தக் கையிடமிருந்து நகரப் பார்த்தார்.

நாயகம் விறைத்துப்போனார். சோறு போட்டவர் உடம்பில் ரத்தம் பார்த்துவிட்டோமே என்று துணியைக் கீழே போட்டார்.

அம்மை வந்து உட்கார்ந்தார். ரத்தத்தை ஒற்றி, சுத்தமான துணியை வைத்து அமுக்கிப் பிடித்தார். மறுகையால் தோளைத் தடவிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் அடங்கியது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அம்மா."

"தெரிஞ்சு செய்வீங்களா?"

"இனி என் கை இவர் மேல படாது."

"இது இன்னொரு துறவா?"

நாயகம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அப்படியே மெதுவாகக் கேட்டார்.

"கை சரி. முகத்துக்கு எதுக்கம்மா?"

"இவரால தலையைத் திருப்ப முடியாது. நாள் பூரா இவருக்குப் பாக்கக் கிடைக்கிறது, குனியிற முகம் ஒண்ணுதான்."

நாயகம் தன் உரிந்த மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்காமலிருக்க முடியவில்லை.

"திங்கட்கிழமை தீட்சை..."

"இல்ல."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "பின்னே என்னிக்கு அம்மா?"

அம்மை துணியை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"என்கிட்ட கேக்காதீங்க ஐயா. அவர் முதுகு சொல்லட்டும்."