செம்போத்து வைத்துக்கொண்ட நாக்கு

"நான் தேடி வர்றதுக்கு முன்னாலே தானா வந்து நிற்கிறவனுக்கு..." காட்டுக்காவல் உடும்பு எப்போதோ சொன்னது செம்போத்துக்குப் பாதிதான் நினைவிருந்தது. பறவையும் பிராணியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அகப்பட்ட திருடனுக்கு நாக்கை அறுப்பார்கள். தானாக வந்தவனுக்கு? அதுதான் மறந்துபோயிற்று.

காலையில் தவிட்டுக்குருவி வந்திருந்தாள். "அண்ணே, கூட்டுல மூணு முட்டை இருந்துச்சு. காணோம்ணே."

"நான் என்ன உன் கூட்டுக்குக் காவலா? பாம்பைப் போய்க் கேளு தங்கச்சி" என்றான் செம்போத்து. முட்டைகள் அவன் வயிற்றில் இருந்தன.

களவு போனால் உடும்பு கண்மாய்த் தண்ணீரை வாலால் அடிப்பார். அடித்ததும் எல்லார் குரலும் அடங்கிவிடும், அவர் குரலும் களவாடியவன் குரலும் தவிர. பிறகு மரம் மரமாகப் போய் ஒவ்வொருவரையும் வாய் திறந்து பேசச் சொல்வார். ஆள் தெரியும்வரை யாருக்கும் குரல் திரும்பாது.

அடித்தார். பாதிக் கூவலில் குயில் நின்றது. தவளைகளின் தொண்டை உப்பி உப்பித் தணிந்தது, சத்தமில்லை.

மூன்றாம் நாள், புல்லுக்குள் விழுந்த மைனாக் குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் தலைக்கு மேலேயே தாய் தேடித் தேடிப் பறந்தாள்.

செம்போத்தின் கூட்டிலும் குஞ்சு வாய் பிளந்தது.

"பசிக்குதா கண்ணு?" கேட்டேவிட்டான். குரல் கணீரென்று வந்தது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு அவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

உடும்பு நாலாவது மரத்துக்கு வந்துவிட்டார். அவனுடையது ஏழாவது. கண்மாய்க்கு அப்பால் வேறு காடு இருந்தது, பறந்துவிடலாம். பறந்துவிட்டால், குரல் திரும்பாத அவன் குஞ்சு இனி ஒருநாளும் அவனைக் கூப்பிடாது.

மரத்தை விட்டு இறங்கி நடந்தே போனான்.

"ஐயா, நான்தான்."

"என்கிட்ட முனகாதே. காடு கேட்கணும்."

"நான்தான்! நான்தான்! நான்தான்!"

எல்லாக் குரலும் ஒரே நொடியில் திரும்பின. முதலில் கேட்டது தவிட்டுக்குருவியின் அலறல்.

அது ஓயும்வரை உடும்பு காத்திருந்தார். "தானா வந்துட்டே. அதனால உன் இஷ்டம். நாக்கை இங்கேயே விட்டுட்டுப் போ. இல்லே, வச்சுக்கோ. ஆனா இப்பச் சொன்னியே, அதைத் தவிர வேற எதுவும் அதுல வராது."

செம்போத்து நாக்கை வைத்துக்கொண்டான். நமக்கு "ஊப், ஊப்" என்றுதான் கேட்கிறது. அன்று முதல்தான், யாரும் கேட்காதபோதும், புதருக்குள் இருந்து அடித்தொண்டையில் அது அதையே சொல்லிக்கொண்டிருக்கிறது.