கலியமூர்த்தி பரிமாறின பந்தி

ஆகும்டி விசாலம். ஏன் ஆகாதுங்கறே? ஒருவேளை சோத்துல எந்தக் காலேஜுன்னு முடிவாகும். ஆச்சு. பக்கத்துல உக்காந்து நான் கத்திரிக்காய் அரிஞ்சுக்கிட்டிருந்தேன்.

இல்ல, கத்திரிக்காய் முந்தின நாளு. அன்னிக்குப் பூசணிக்காய்.

சிரிக்காத. நீ நம்பலேன்னா போ. நம்புறதா இருந்தா முழுசாக் கேளு.

பண்ருட்டியில சிவபாக்கியம்மான்னு ஒருத்தவங்க அன்னதான மடம் வச்சிருந்தாங்க. மடம்னா கோபுரம் கீபுரம்னு நினைச்சுக்காத. தகரக் கொட்டாய், நாலு அடுப்பு, ஒரு வள்ளலார் படம். அவ்வளவுதான். பசின்னு யாரு வந்தாலும் சோறு. மனசுல கொழப்பம்னு யாரு வந்தாலும் அதே சோறுதான்.

நானும் மத்தியானத்துல அங்க போயி காய் அரிஞ்சு குடுப்பேன். புண்ணியத்துக்குன்னு வச்சுக்க. வீட்டுல மாமனாரு ரேடியோ சத்தம் தாங்காமன்னும் வச்சுக்க.

ஒரு தடவை ஒரு ரிட்டையர்டு தாசில்தார் வந்தாரு.

"அம்மா, மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

அம்மா ஒரு முழுப் பூசணிக்காயைத் தூக்கி அவரு கையில குடுத்தாங்க. "சமையல் முடியற வரைக்கும் கீழ வைக்காதீங்க."

பாவம், வச்சுக்கிட்டே நின்னாரு. சாதம் வடிச்சப்புறம் அம்மா கேட்டாங்க.

"இப்ப மனசு எங்க இருக்கு?"

"தோள்பட்டையிலம்மா."

"ஒரே எடத்துலதான் இருக்கு. வாங்க, சாப்பிடலாம்."

அந்தப் பூசணியைத்தான் கூட்டுக்கு அரியணும்னு நான் அருவாமனையோட காத்துக்கிட்டிருந்தேன். அது வேற கதை.

கலியமூர்த்திக்கு வர்றேன்.

கலியமூர்த்தி குட்டியானை, அதான் அந்தச் சின்ன லோடு வண்டி, ஓட்டுறவரு. பலாப்பழம் லோடு அடிப்பாரு. வண்டி முன்கண்ணாடியில பொண்ணு பேரு, 'மோனிஷா'ன்னு செவப்பு எழுத்துல. சந்தையில இருந்து மடத்துக்குக் காய்கறி எறக்குனா காசு வாங்க மாட்டாரு. அம்மான்னா அவருக்கு உசுரு. வீட்டுல ஆடு குட்டி போட்டாக்கூட அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் பேரு வைப்பாரு.

அன்னிக்குக் காய்கறி இல்லாம வந்தாரு.

"அம்மா, நீங்கதான் சொல்லணும். பெங்களூரா, கடலூரா?"

அம்மா கரண்டி கழுவிக்கிட்டிருந்தாங்க. "யாருக்கு?"

"பாப்பாவுக்குத்தாம்மா. காலேஜு."

"பாப்பா எங்க?"

பாப்பா அவருக்குப் பின்னாடியேதான் நின்னுச்சு. பன்னெண்டாவது முடிச்ச பொண்ணு, அப்பனை விட ஒசரம். அதோட பை அப்பன் தோள்ல. அதோட தண்ணி பாட்டிலு அப்பன் கையில. அதோட குடை அப்பன் கக்கத்துல. அது வெறுங்கையை வீசிக்கிட்டு நிக்குது.

விஷயம் இதான். ரெண்டு எடத்துல சீட்டு கெடைச்சிருக்கு. ரெண்டும் ஒரே கெமிஸ்ட்ரிதான். கடலூர்ல கவர்மெண்டு காலேஜு. ஃபீஸுன்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் கெடையாது, காலையில பஸ் ஏறுனா சாயங்காலம் வீடு. பெங்களூருல பிரைவேட்டு. கண்ணாடிக் கட்டடம், லிப்ட்டு, நீச்சல் கொளம்னு போன்ல காட்டுனாரு. கெமிஸ்ட்ரி படிக்க நீச்சல் கொளம் எதுக்குன்னு நான் கேட்டேன். அங்க சேக்கணும்னா குட்டியானையை விக்கணும். மறுநாள் காலையில வண்டியைப் பாக்க ஆளு வர்றதாப் பேச்சு. வித்துட்டா கலியமூர்த்தி இன்னொருத்தன் வண்டிக்கு டிரைவரு. அந்த வயசுல.

"பெங்களூருதாம்மா அதுக்கு ஆசை. அதுவே வாய்விட்டுச் சொல்லிச்சு."

"அது போன மாசம். இப்ப எனக்குக் கடலூரே போதும்."

"பாத்தீங்களாம்மா? வண்டியை விக்கறேன்னதும் மாத்திப் பேசுது. எனக்காக விட்டுக்குடுக்குது."

"நீ மட்டும்? எனக்காக வண்டியை விக்கல?"

"நான் அப்பன்டி."

"நான் பொண்ணு."

"ஒரு வாரமா வீட்டுல இதேதாம்மா. விட்டுக்குடுக்கறதுல எவ்வளவு புடிவாதம் பாருங்க."

அதோட ஆத்தாக்காரி என்ன சொன்னாங்கறியா? "ரெண்டு பேரும் சண்டையை முடிச்சுட்டுச் சொல்லியனுப்புங்க"ன்னுட்டு முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போயிட்டா. கெட்டிக்காரி.

அம்மா கையைத் தொடச்சாங்க.

"பசிக்குதா?"

"இல்லம்மா"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னாங்க. அதுல மட்டும் ஒத்துமை.

"நீ உக்காரு கண்ணு. கலியமூர்த்தி, நீ பரிமாறு."

"அம்மா, காலேஜு..."

"எலையைப் போடு."

எலையைப் போட்டாரு. அம்மா பொண்ணுகிட்டக் குனிஞ்சு சொன்னாங்க.

"சாப்பிடறவங்க வாயைத் தொறக்கக் கூடாது. கையைக் காட்டக் கூடாது. எலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. செய்வியா?"

அது தலையாட்டிச்சு.

கலியமூர்த்தி ஆரம்பிச்சாரு. மலை மாதிரி சோறு. பூசணிக்கூட்டு ஒரு கரண்டி, மேல ஒரு கரண்டி, ஓரத்துல ஒரு கரண்டி. "இதுன்னா பாப்பாவுக்கு உசுரும்மா, எட்டு வயசுலயே சட்டியோட தூக்கிட்டு ஓடும்." சாம்பாரு. நெய்யி. அப்பளத்தை ஒடைச்சுக்கூடப் போட்டாரு, விரல் வலிக்குமோ என்னமோ.

பொண்ணு சாப்பிட்டுச்சு. எலை காலியாச்சு.

"பாருங்கம்மா, பசி!"ன்னாரு சந்தோஷமா. மறுபடியும் கூட்டு.

எனக்குப் பாக்கப் பாக்க என் மாமியாரு ஞாபகம். கல்யாணமாகிப் போன மொத நாளு, மரியாதைக்கு, "பாவக்காய் நல்லாருக்கு அத்தை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். தீந்துது. அதுக்கப்புறம் அவங்க இருந்த வரைக்கும் எனக்குப் பாவக்காய்தான். காய்ச்சல்னா பாவக்காய். புள்ளை பொறந்தா பாவக்காய். சந்தைக்குப் போனா மடியில எனக்குன்னு தனியா ரெண்டு பாவக்காய் முடிஞ்சுக்கிட்டு வருவாங்க. அவங்க காரியத்தன்னிக்கு எலையில பாவக்காய் வச்சாங்க பாரு, அப்பத்தான்டி எனக்கு அழுகையே வந்துச்சு. அந்த மாதிரி மனுஷி கெடைக்கணும். ஆனா கசப்பு கசப்புதானே.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், பாப்பாவோட எலை.

ரெண்டாவது தடவையும் முடிச்சுது. மெதுவாத்தான். மூணாவது தடவை அப்பன் பாயசத்தைத் தூக்கிட்டு வந்தாரு. பொண்ணுக்கு மூக்கெல்லாம் வேர்த்திருச்சு. கண்ணுல தண்ணி நிக்குது.

"காரம் ஜாஸ்தியாம்மா இன்னிக்கு?"ன்னு அம்மாவைக் கேட்டாரு.

"எனக்கெப்படித் தெரியும்? நானா சாப்பிடறேன்?"

பாயசத்தை ஊத்துனாரு. அதையும் வழிச்சுச் சாப்பிட்டுச்சு.

"இன்னும் போடவாம்மா?"ன்னாரு. அதையும் அம்மாகிட்டதான் கேட்டாரு.

அம்மா வேற பக்கம் பாத்தாங்க.

கலியமூர்த்தி கரண்டி நெறைய அள்ளிக்கிட்டுக் குனிஞ்சாரு. அப்படியே நின்னுட்டாரு. பொண்ணோட எடது கையைப் பாத்துட்டாரு. அது பந்திப்பாயைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டிருந்துச்சு, ஊசி போடறப்ப சின்னப் புள்ளைங்க கட்டிலைப் புடிக்குமே, அப்படி.

"பாப்பா... போதுமா?"

அது வாயைத் தொறக்கல. அம்மாவைப் பாத்துச்சு.

"கேட்டா பதில் சொல்லலாம் கண்ணு."

"அப்பவே போதும்பா. மொத தடவையே போதும். அப்பறம் எனக்குப் பூசணிக்காயே புடிக்காதுப்பா."

"எப்பருந்து?"

"எட்டாவது படிக்கறப்பருந்து."

கலியமூர்த்தி அம்மா பக்கம் திரும்பினாரு. மொகமெல்லாம் சுருங்கிப்போச்சு. "என்னம்மா நீங்க, புள்ளையை இப்படி வதைக்க வச்சுட்டீங்க."

"சாப்பிடறவ பேசக் கூடாதுன்னு சொன்னேன். பரிமாறுறவன் கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா?"



கலியமூர்த்தி கரண்டியோட பொண்ணு எதுத்தாப்புல உக்காந்தாரு.

"பாப்பா. வண்டியை விடு. என்னை விடு. ஒனக்கு எது வேணும்?"

"கடலூரு."

"நெஜமா?"

"நெஜமா. ஆனா பஸ்ல வேணாம்பா. காலேஜு பக்கத்துல கவர்மெண்டு ஹாஸ்டல் இருக்கு. அங்க இருந்து படிக்கறேன்."

"ஒரு மணி நேரத் தூரத்துக்கு ஹாஸ்டலா? அப்ப பெங்களூருன்னு ஏன் சொன்னே?"

"அங்கருந்துதான் தெனம் வீட்டுக்கு வர முடியாது."

அப்பனுக்கு அடி வாங்குன மாதிரி ஆயிருச்சு. அப்புறம் மெல்ல,

"வீட்டுல என்னம்மா கொறை?"

"கொறையே இல்லப்பா. அதான்."

நானாயிருந்தா நாலு வார்த்தை சேத்துப் பேசியிருப்பேன். அந்தப் புள்ளை எந்திரிச்சுப் போயி கையைக் கழுவிட்டு வந்துச்சு. அப்பன் தோள்ல இருந்த பையைக் கழட்டித் தன் தோள்ல மாட்டிக்கிச்சு. புது எலை ஒண்ணு எடுத்து அவருக்கு முன்னாடி போட்டு, தண்ணி தெளிச்சு, சோத்துக் கரண்டியைக் கையில எடுத்துச்சு. ஆனா போடல.

"ஒனக்கு எது வேணும்பா?"

"எனக்கென்ன பாப்பா, நீ நல்லாப் படிச்சா..."

"அது எனக்கு. ஒனக்கு?"

கலியமூர்த்தி வெறும் எலையையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"நீ ராத்திரி நம்ம வீட்டுல தூங்கணும்."

சொல்லிட்டு அவரே திடுக்குனு ஆயிட்டாரு. அவ்வளவு நாளும் பெங்களூரு பெங்களூருன்னு மல்லுக்கு நின்னவரு.

பொண்ணு பக்கத்துல குந்திக்கிச்சு.

"ஏழு ராத்திரியும் முடியாதுப்பா. எவ்வளவு வேணும், சொல்லு."

"வெள்ளி, சனி, ஞாயிறு."

"வெள்ளிக்கிழமை லேப் முடிய இருட்டிரும்னு சொன்னாங்கப்பா."

"சனி, ஞாயிறு."

"சரி"ன்னுச்சு. சோத்தைப் போட்டுச்சு. "இது போதுமா?"

"போதும்."

"கூட்டு?"

"கொஞ்சம். ஓரத்துல."

சாப்பிட்டாரு. நிதானமா, சோத்தைப் பாத்து, ருசிச்சு. நாலு வாய் சாப்பிட்டப்பறம்தான் அவருக்கு வண்டி ஞாபகம் வந்துச்சு.

"அம்மா, காலையில வண்டி வாங்க ஒருத்தரு வர்றாரே. அவருகிட்ட என்ன சொல்லட்டும்?"

"சாப்பிட்டாச்சான்னு கேளு."

கலியமூர்த்தி சிரிச்சாரு. சிரிப்புலயே கண்ணு ரொம்பிப்போச்சு. சாப்பிட்ட கையை அப்படியே விட்டுட்டு, எடது கையை மட்டும் தூக்கிக் கும்பிடப் பாத்தாரு. "அம்மா, உங்களுக்கு நான் என்னத்தைத் தருவேன்..."

அம்மா அந்த எடது கையைப் புடிச்சு எறக்கிவிட்டுட்டு, எலையில ஒரு அப்பளம் வச்சாங்க.

வைக்கறதுக்கு முன்னாடி, "வேணுமா?"ன்னாங்க.

என்னடி அப்படிப் பாக்கறே? ஒம்மவன் காலேஜு விஷயத்துல நீ அவனை ஒரு வார்த்தை... ஐயையோ, தூறல் போடுதே! ஏ மருமவளே, தேவகி! மாடியில மொளகா காயுது, பாயோட சுருட்டி உள்ள கொண்டாம்மா!